"வசனம் என்னோடு அப்படித்தான் பேசியது": இதற்குமேல் வேதபாடத்தில் என்ன பேசுவது?

கேள்வி
பதிவிட்டவர்: வேதபாட உதவியாளர்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு வணக்கம்.

வாலிபர் வேதபாட வகுப்பொன்றை நடத்தும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் கல்லூரி மாணவர்கள். சிலர் அண்மையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வேதத்தின்மேல் அவர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பகுதியை வாசித்து முடித்ததும் எழுகிற உரையாடல், இரண்டு திசைகளில் ஏதாவது ஒன்றில் போய் முட்டி நின்றுவிடுகிறது.

ஒரு சாரார், "இந்த வசனம் என்னோடு இப்படிப் பேசியது" என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறார்கள். அது யாருக்கு, எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்று கேட்டால், "அது அவர்களுக்கு, இது எனக்கு" என்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் நேர் எதிரான பொருளைச் சொன்னாலும் இருவருக்கும் சங்கடமில்லை; இரண்டும் சரியே என்று புன்னகையோடு ஒப்புக்கொள்கிறார்கள். இன்னொரு சாரார் எண்ணிக்கையில் குறைவு; ஆனால் நிறைய வாசிக்கிறவர்கள். அவர்கள், "இந்த விளக்கத்தால் யாருக்கு ஆதாயம்?" என்று கேட்கிறார்கள். 1 தீமோத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் பெண்கள் அமைதலோடு கற்றுக்கொள்ளவேண்டும் என்ற பகுதியை வாசித்தபோது, இத்தனை நூற்றாண்டுகளாக இதற்கு விளக்கம் எழுதியவர்கள் ஏறத்தாழ அனைவருமே ஆண்களாக இருந்தது தற்செயலா என்று ஒரு சகோதரி கேட்டார். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூத்தவர்களிடம் ஆலோசனை கேட்டால், இரண்டுக்கும் "பின்நவீனத்துவம்" என்று ஒரே பெயரைச் சூட்டி, "மாறாத சத்தியம் ஒன்று உண்டு என்று அடித்துச் சொல்லுங்கள், போதும்" என்கிறார்கள். அடித்துச் சொல்வதால் எவரும் மனம் மாறியதாகத் தெரியவில்லை. இந்த இரண்டு போக்குகளும் உண்மையிலேயே ஒன்றுதானா? ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் நின்றுகொண்டுதான் வாசிக்கிறோம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அதன்பிறகு "கர்த்தர் சொல்லுகிறார்" என்று எந்தத் துணிவோடு சொல்வது? தத்துவ விளக்கத்தோடு, வகுப்பில் செய்து பார்க்கக்கூடிய ஏதாவது ஒன்றையும் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 1
பதிவிட்டவர்: நூலக மூலை

இரண்டும் ஒன்றல்ல, சகோதரரே. ஒரே பெயரைச் சூட்டுவதால்தான், அஞ்ச வேண்டியதை விட்டுவிட்டு அஞ்ச வேண்டாததைக் கண்டு நாம் அஞ்சுகிறோம்.

நம் பிரசங்கங்களில் பின்நவீனத்துவம் என்ற சொல், உண்மை என்று எதுவும் கிடையாது என்னும் கொள்கையைக் குறிப்பதாகவே புழங்குகிறது. பிரெஞ்சு மெய்யியலாளர் லியோதார், கனடாவின் கியூபெக் மாகாணப் பல்கலைக்கழகக் குழுவுக்காக எழுதி 1979-இல் வெளியான அறிக்கையில், பெருங்கதையாடல்களின் மீதான அவநம்பிக்கையே பின்நவீன நிலை என்று சுருக்கிச் சொன்னார். பகுத்தறிவு வளர வளர மனிதகுலம் முழுவதும் விடுதலையடையும் என்பதைப் போன்ற, அறிவியலுக்கும் அரசுகளுக்கும் நியாயம் கற்பித்து வந்த நவீன காலக் கதைகளையே அவர் அங்கே முதன்மையாகக் குறிவைத்தார். பிற்பாடு எழுதியவற்றில் கிறிஸ்தவத்தின் மீட்புக் கதையையும் அந்த வரிசையில் சேர்த்தார் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனாலும், இரண்டு உலகப் போர்களுக்கும் வதைமுகாம்களுக்கும் பிறகு, மனிதன் தன் அறிவினாலேயே தன்னை மீட்டுக்கொள்வான் என்ற வாக்குறுதியை ஐரோப்பா நம்ப மறுத்ததில், ஆதியாகமம் 11-இல் பாபேல் கோபுரத்தைப் பற்றி வாசித்தவர்கள் வியப்படைய என்ன இருக்கிறது?

அதேபோல், முன்னெண்ணம் எதுவுமின்றி ஒரு நூலை அணுகும் வாசகர் இல்லை என்று ஜெர்மானிய மெய்யியலாளர் காடமர் 1960-இல் விரிவாக எழுதினார். நாம் நிற்கும் இடமும் நூல் தோன்றிய இடமும் ஒன்றையொன்று சந்திக்கும்போதுதான் புரிதல் நிகழ்கிறது என்பது அவருடைய வாதம். இதையும் சிலர் ஆபத்தாகக் காண்கிறார்கள். "இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது, அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம் என்பதையும் சேர்த்தே எழுதினார். பார்வை குறைவுள்ளது என்று ஒப்புக்கொள்வதும், பார்க்கப்படுகிறவர் இல்லை என்று சொல்வதும் வெவ்வேறு.

இனி உங்கள் வகுப்பின் முதல் சாராரைப் பார்ப்போம். அவர்களில் எவரும் தெரிதா, பூக்கோ போன்ற பிரெஞ்சுப் பின்நவீனச் சிந்தனையாளர்களை வாசித்து அப்படிப் பேசுவதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களுடைய பழக்கம் பின்நவீனத்துவத்தைவிட மிகப் பழையது. நம் பக்தி மரபே அதை வளர்த்துவிட்டிருக்கிறது. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிப்பு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் வகுத்ததாக அறியப்படுகிறது; புதிய ஏற்பாட்டின் வசன எண்களை அச்சாளர் ரொபேர் எஸ்தியென் 1551-இல் தம் கிரேக்கப் பதிப்பில் இட்டார். தேடி எடுப்பதற்காக இடப்பட்ட எண்கள் காலப்போக்கில் வெட்டி எடுப்பதற்கான கோடுகளாகிவிட்டன. வாக்குத்தத்த அட்டையிலும் அலைபேசிச் செயலியிலும் ஒரு வசனம் தனித்து வந்து நிற்கும்போது, அது தனக்கே எழுதப்பட்டது என்று வாசிப்பவர் எண்ணுவதில் அதிசயமில்லை.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று கர்த்தர் சொல்லும் அந்த வசனம், வேலைக்கும் திருமணத்துக்கும் தேர்வுக்கும் உரிய தனிப்பட்ட வாக்குத்தத்தமாகவே பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஒரு மக்கள் கூட்டத்துக்கு எழுதப்பட்ட கடிதத்தின் நடுவில் இருக்கிறது. அதற்கு முந்தைய வசனம், எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் அவர்கள் திரும்பி வருவார்கள் என்கிறது. அப்படியானால் அந்தக் கடிதம் வாசிக்கப்படுவதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்புதலைக் காணாமலே அந்நிய மண்ணில் இறந்துபோவார்கள். ஏழாம் வசனமோ, தங்களைச் சிறைப்பிடித்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக விண்ணப்பம் பண்ணும்படி கட்டளையிடுகிறது. இவற்றையெல்லாம் சேர்த்து வாசித்தால் வசனத்தின் ஆறுதல் குறைந்துவிடாது. ஆனால் "எனக்கு" என்பது "நமக்கு" ஆகிறது, "உடனே" என்பது "நான் இல்லாத காலத்திலாவது" என்று மாறுகிறது, பகைவனின் நலமும் ஜெபக் குறிப்பில் இடம் பிடித்துவிடுகிறது. தனி வசன வாசிப்பில் இந்த மூன்றும் காணாமல் போகின்றன. என் மனத்தில் உள்ளதை ஒருபோதும் மறுத்துப் பேசாத வசனம் என்னோடு பேசுகிறது என்று நான் எப்படிச் சொல்வது? அங்கே ஒலிப்பது பெரும்பாலும் என் குரல்தான்.

இரண்டாம் சாராரைப் பொறுத்தவரை, அவர்கள் கேட்கும் கேள்வியை வேதமே பலமுறை கேட்டிருக்கிறது. யோபுவின் நண்பர்கள் பேசியது, கேட்பதற்குப் பக்தியான பேச்சு. ஆனால் அவர்கள் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே 42-ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். வேதபாரகரின் எழுத்தாணி பொய்யாய் எழுதுகிறது என்று எரேமியா எட்டாம் அதிகாரத்தில் குற்றஞ்சாட்டுகிறார். வனாந்தரத்தில் பிசாசு இயேசுவுக்கு எதிராகப் பயன்படுத்துவது 91-ஆம் சங்கீதத்தின் வசனங்களை. வேதவசனத்தையே கருவியாக்கிப் பிறரை ஆள முடியும் என்பதை நமக்குக் கற்றுத்தர மார்க்ஸும் நீட்சேயும் பிறக்கக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

"கர்த்தர் சொல்லுகிறார்" என்று எந்தத் துணிவோடு சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பேராயர்களில் ஒருவரான லெஸ்லி நியூபிகின், 1974-இல் இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகு இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் போராடினார். வேதியியலாளராக இருந்து மெய்யியலாளரான மைக்கேல் போலான்யியின் சிந்தனை அவருக்குக் கைகொடுத்தது. எந்த அறிவும், அறிவியல் அறிவு உட்பட, அறிபவர் தம்மை ஒப்புக்கொடுக்காமல் கைகூடுவதில்லை. அதனாலேயே அது வெறும் சொந்த விருப்பமாகவும் ஆகிவிடுவதில்லை, ஏனெனில் நான் கண்டது உண்மையென்றால் அது எல்லாருக்கும் உண்மை என்ற பொறுப்போடுதான் அதைச் சொல்கிறேன் என்பது போலான்யியின் நிலைப்பாடு. இதன்படி, ஐயத்துக்கே இடமில்லாத அடித்தளத்தை முதலில் நிறுவிக்கொண்டு பிறகு பேச வேண்டிய கட்டாயம் விசுவாசிக்கு இல்லை. சாட்சி சொல்கிறவர், தாம் தவறக்கூடியவர் என்பதை அறிந்தே, தாம் கண்டதை எல்லாருக்கும் முன்பாகச் சொல்கிறார். அந்தத் துணிவு போதுமானது என்பது என் எண்ணம். அதைவிடப் பெரிய துணிவைக் கேட்பது நம்மில் பலருக்கு விசுவாசத்தைவிட அதிகாரத்தின் மேலுள்ள ஆசையாகவே இருக்கிறது.


பதில் 2
பதிவிட்டவர்: வாசலில் நிற்பவர்

நான் சபையில் வளர்ந்தவன், இப்போது போவதில்லை. வேதத்தை மட்டும் இன்னும் வாசிக்கிறேன். மேலே எழுதியவரின் நேர்மையை மதிக்கிறேன் என்றாலும், அவர் ஓர் இடத்தில் சுற்றிக்கொண்டு போய்விட்டார் என்று நினைக்கிறேன்.

தீர்க்கதரிசிகள் அரசர்களையும் ஆசாரியர்களையும் சந்தேகித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் சந்தேகத்தை வேதத்தின் மேலேயே திருப்ப நீங்கள் அனுமதிப்பீர்களா? யோசுவா ஆறாம் அதிகாரத்தில் எரிகோவின் ஆண்களும் பெண்களும் வாலிபரும் கிழவரும் பட்டயத்தால் சங்கரிக்கப்படுகிறார்கள். அங்கே "இந்த விளக்கத்தால் யாருக்கு ஆதாயம்" என்று கேட்பது போதாது. "இந்தக் கதையால் யாருக்கு ஆதாயம்" என்று கேட்டாக வேண்டும். நான் இதைக் கேட்டபோதெல்லாம் எனக்குக் கிடைத்த பதில், தேவனுடைய வழிகள் நம்முடைய வழிகள் அல்ல என்பதுதான். அந்தப் பதிலைச் சொன்னவர்களுக்கு அந்த அதிகாரம் ஒருநாளும் தூக்கத்தைக் கெடுத்ததில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

இரண்டாவதாக, வசனம் நம்மை மறுத்துப் பேச வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடைமுறையில் வசனம் எழுந்து நின்று பேசுவதில்லை. போதகர் எழுந்து நின்று பேசுகிறார். வசனம் உன்னை மறுக்கிறது என்று யாராவது என்னிடம் சொல்லும்போது, அவர் என்னை மறுக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் காண்கிறேன். "என்னோடு இப்படிப் பேசியது" என்று சொல்லி அமர்ந்துவிடும் அந்த வாலிபர்களைக் குறைசொல்வதற்கு முன்னால், அவர்கள் எதிலிருந்து தப்பிக்க அப்படிச் சொல்கிறார்கள் என்று யோசித்தீர்களா? தன் அனுபவம் என்று சொல்லிவிட்டால் ஒருவரும் திருத்த வரமாட்டார்கள். பல ஆண்டுகள் திருத்தப்பட்டவர்கள் கண்டுபிடித்த அடைக்கலம் அது.

மூன்றாவது, எந்த நூல்கள் வேதமாக வேண்டும் என்பதைத் தீர்மானித்ததே வென்ற தரப்பு அல்லவா? தோற்றவர்களின் வாசிப்பு எங்கே இருக்கிறது?


பதில் 3
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற வேதபாட ஆசிரியை

வாசலில் நிற்பவருக்கு முதலில். எரிகோவைக் குறித்து என்னிடம் உங்களைத் திருப்திப்படுத்தும் பதில் இல்லை. அதே அதிகாரத்தில் ராகாபும் அவள் குடும்பமும் காப்பாற்றப்படுவதையும், பகைவருடைய நகரமான நினிவேக்காகத் தேவன் பரிதபிப்பதை யோனாவின் புத்தகம் சொல்வதையும், பகைவரை நேசியுங்கள் என்று இயேசு சொன்னதையும் பக்கத்தில் வைத்து நான் வாசிக்கிறேன். வேதத்துக்குள்ளேயே நடக்கும் இந்த வழக்கில் இறுதி வாக்கு கிறிஸ்துவினுடையது என்று நம்புகிறேன். ஆனால் அது எரிகோவில் இறந்த பிள்ளைகளுக்கான விடை ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். வகுப்பில் அதை மூடி மறைக்காமல், அந்த அதிகாரத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, விடையில்லாமல் கலைந்து போகவும் நாம் பழக வேண்டும். பதில் கைவசம் இல்லாததைச் சொல்லக் கூச்சப்பட்டுக் கொடுக்கப்படும் பதில்களே வாலிபர்களை அதிகம் விரட்டுகின்றன.

வென்ற தரப்பு தொகுத்த நூல் என்ற உங்கள் கருத்தில் உண்மையில்லை என்று சொல்லமாட்டேன். ஆயினும் அந்தத் தொகுப்பில் ஒரு விசித்திரம் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் என்பவர் நான்கு சுவிசேஷங்களையும் இழைத்து, முரண்பாடு நீக்கிய ஒரே கதையாகத் தொகுத்தார். சீரிய மொழிச் சபைகளில் அது நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் சீருஸ் நகரப் பேராயர் தியோதொரேத்து, இருநூறுக்கும் மேற்பட்ட அந்தப் பிரதிகளை அகற்றிவிட்டு, நான்கு சுவிசேஷங்களையும் தனித்தனியே வைத்தார். அதிகாரத்தின் கைதான் அதைச் செய்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரே குரலை வைத்துக்கொள்ள வாய்ப்பிருந்தும், ஒன்றோடொன்று உரசும் நான்கு குரல்களை அந்தக் கை தேர்ந்தெடுத்தது. எல்லாவற்றையும் ஒரே கதைக்குள் அடக்க நினைப்பவர்களுக்கு இந்நூல் வசதியானதாக அமையவில்லை.

தோற்றவர்களின் வாசிப்பு எங்கே என்று கேட்டீர்கள். அது இருக்கிறது; ஆனால் விளக்கவுரைகளில் தேடினால் கிடைக்காது. 1807-இல் லண்டனில், பிரிட்டனின் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த அடிமைகளுக்கென்று வேதப் பகுதிகள் தெரிந்தெடுக்கப்பட்டு அச்சிடப்பட்டன. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய கதையை அதில் விட்டுவிட்டார்கள். அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்ற கலாத்தியர் 3:28-உம் அதில் இல்லை. வேதம் ஆள்பவர்களின் கருவி மட்டுமே என்றால், ஆள்பவர்கள் ஏன் அதைக் கத்தரிக்க வேண்டியிருந்தது? சந்தேகத்தோடு வாசிக்கிறவர்கள் இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இனி வகுப்பில் செய்யக்கூடியது. பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 25 வசனங்களே. வெட்டி எடுக்க இடமில்லாமல் முழுவதையும் ஒரே மூச்சில் சத்தமாக வாசித்துவிடலாம். பிறகு மூன்று இருக்கைகளிலிருந்து மூன்று முறை வாசியுங்கள்.

முதலில், கடிதத்தைப் பெறும் எஜமானாகிய பிலேமோனின் இருக்கை. கட்டளையிடத் தமக்குத் துணிவு உண்டென்றும், ஆனாலும் அன்பினிமித்தம் மன்றாடுவதாகவும் பவுல் எழுதுகிறார். பிலேமோனைப் பிரிந்துபோன அடிமையாகிய ஒநேசிமு ஏதாவது கடன்பட்டிருந்தால் தம் கணக்கில் வைக்கும்படியும், தாமே அதைச் செலுத்தித் தீர்ப்பதாகவும் சொந்தக் கையால் எழுதிவிட்டு, நீயே எனக்குக் கடன்பட்டவன் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை என்று சொல்லியும் விடுகிறார். இறுதியில், தாம் வந்து தங்க இடம் ஆயத்தம் பண்ணச் சொல்கிறார். இது அன்பா, அழுத்தமா? உங்கள் வகுப்பில் அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது. பவுலையும் விட்டுவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, பிலேமோனின் வீட்டில் கூடுகிற சபையின் இருக்கை. கடிதம் பிலேமோனுக்கு மட்டுமல்ல, அந்தச் சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டிருப்பதை இரண்டாம் வசனம் காட்டுகிறது. எல்லாரும் கேட்க வாசிக்கப்பட்ட பிறகு, இது எனக்கும் கர்த்தருக்கும் இடையிலுள்ள சொந்த விஷயம் என்று பிலேமோன் சொல்ல முடியாது. "என்னோடு இப்படிப் பேசியது" என்று முடித்துக்கொள்கிறவர்களை இந்த இருக்கையில் அமர வையுங்கள். நீங்கள் திருத்தத் தேவையில்லை; இருக்கையே பேசும்.

மூன்றாவது, ஒநேசிமுவின் இருக்கை. அவன் கையில்தான் கடிதம் போயிருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. கடிதம் முழுவதும் அவனைப் பற்றியது. அவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவன் ஓடிப்போனவன் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். கடிதத்தில் தேடிப் பாருங்கள், பிரிந்து போனான் என்று மட்டுமே இருக்கிறது.

இந்த இடத்தில் வகுப்புக்கு ஒரு வரலாற்றைச் சொல்லலாம். 1830-களில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில், சார்லஸ் கால்காக் ஜோன்ஸ் என்ற வெள்ளையரான பிரஸ்பித்தேரியப் போதகர், தாமே அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர், அடிமைகளின் பெருங்கூட்டத்துக்கு இந்நிருபத்தைப் பிரசங்கித்தார். உண்மையும் கீழ்ப்படிதலும் வேலைக்காரருக்குரிய கிறிஸ்தவ நற்குணங்கள் என்று வலியுறுத்தி, பவுலின் அதிகாரத்தைக் காட்டித் தப்பியோடுவதைக் கண்டித்தபோது, கூட்டத்தில் பாதிப்பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். மீந்திருந்தவர்களில் சிலர், அப்படியொரு நிருபம் வேதத்திலேயே கிடையாது என்று உறுதியாகச் சொன்னார்கள். இதை எழுதி வைத்தவர் ஜோன்ஸே.

அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசனை மறுக்கப்பட்டிருந்தது. நிருபம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்க வழியில்லை. ஆனாலும் அவர்கள் சொன்னதை மீண்டும் யோசியுங்கள். தப்பியோடுவதைக் கண்டிக்கும் வாக்கியம் ஒன்றும் பிலேமோன் நிருபத்தில் கிடையாது. இனி அவனை அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்பதே அதில் இருக்கிறது. ஜோன்ஸ் பிரசங்கித்த நிருபம் வேதத்தில் இல்லைதான். வேதசாஸ்திரம் கற்ற பிரசங்கியைவிட, எழுந்து போனவர்கள் பவுலைச் சரியாக வாசித்தார்கள். எல்லா விளக்கமும் சமம் என்றால் இதைச் சொல்லவே முடியாது: ஜோன்ஸுக்கு ஒரு விளக்கம், அவர்களுக்கு ஒரு விளக்கம் என்று விட்டுவிட வேண்டியதுதான். அவருடைய விளக்கம் தவறு என்று சொல்வதற்கு, அவருடைய அதிகாரத்தையும் மீறி நிற்கும் ஒரு பிரதி தேவைப்படுகிறது. அந்தப் பிரதியில் அவர் காணத் தவறியதைக் கண்டவர்களின் காதும் தேவைப்படுகிறது. அந்தச் சகோதரியின் கேள்விக்கும் இதுவே என் பதில்: இத்தனை நாள் பேசாதவர்கள் வாசித்துச் சொல்லட்டும், பிறகு எல்லாருமாகச் சேர்ந்து வசனத்துக்குத் திரும்புவோம்.

ஒநேசிமுவை விடுதலை செய் என்று பவுல் நேரடியாக எழுதவில்லையே என்று வகுப்பில் யாராவது நிச்சயம் வருத்தப்படுவார்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. அதைச் சமாதானப்படுத்த முயல வேண்டாம்.


பதில் 4
பதிவிட்டவர்: வேதபாட உதவியாளர்

அனைவருக்கும் நன்றி. பிலேமோனை வாசித்துப் பார்க்கிறேன். வாசலில் நிற்பவர் சொன்னதும் மனத்தில் தைத்தது. "என்னோடு பேசியது" என்பது அடைக்கலமாக இருக்கக்கூடும் என்று நான் யோசித்ததில்லை.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். எல்லா இருக்கைகளிலிருந்தும் வாசித்த பிறகும் வகுப்பு இரண்டாகப் பிரிந்து நின்றால் என்ன செய்வது? எல்லாக் கருத்து வேறுபாட்டையும் திறந்தே விட்டுவிடலாமா? விட முடியாதது என்று ஒன்று இருக்கிறதா? இருந்தால், அதை மட்டும் அடித்துச் சொல்லலாம் அல்லவா?


பதில் 5
பதிவிட்டவர்: நூலக மூலை

இருக்கிறது. எதைத் திறந்துவிடலாம், எதை விடக்கூடாது என்பதைப் பவுல் இரண்டு வேறு இடங்களில் வேறு வேறு விதமாகக் கையாளுகிறார். ரோமர் 14-இல், ஒருவன் ஒரு நாளை மற்றொரு நாளிலும் விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான். அவனவன் தன்தன் மனதிலே நிச்சயித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். ஆனால் 1 கொரிந்தியர் 15-இல் கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்கிறார். "உனக்கு எழுந்தார், எனக்கு எழவில்லை" என்ற சமரசத்துக்கு அங்கே இடம் வைக்கவில்லை. இந்த ஒரு புள்ளியில் கிறிஸ்தவ விசுவாசம் பின்நவீனப் பண்பாட்டோடு ஒத்துப்போகவே முடியாது. ஒத்துப்போவதாகக் காட்டிக்கொள்வதும் நேர்மையல்ல.

ஆனால் பவுல் அதை எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். எனக்கு அதிகாரம் உண்டு, ஆகையால் நம்புங்கள் என்று சொல்லவில்லை. கண்டவர்களை வரிசைப்படுத்துகிறார், ஐந்நூறு பேருக்கு மேற்பட்டவர்கள் ஒரே சமயத்தில் கண்டார்கள், அவர்களில் பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார், அது பொய்யானால் நாங்கள் பொய்ச்சாட்சிகள் ஆவோம் என்று தம்மையே பணயம் வைக்கிறார். அடித்துச் சொல்வதற்கும் சாட்சி சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அடித்துச் சொல்பவர் எதையும் இழப்பதில்லை.

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பெரும்பகுதியில், அப்போஸ்தலர் 15-இல் எருசலேமில் நடந்ததை வகுப்பு ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். மிகுந்த தர்க்கம் உண்டாகிறது. பேதுரு தாம் கண்டதைச் சொல்கிறார். பவுலும் பர்னபாவும் புறஜாதியாரிடத்தில் நடந்தவற்றைச் சொல்லக் கூட்டத்தார் அமைதியாகக் கேட்கிறார்கள். அதன்பிறகே யாக்கோபு ஆமோஸின் வார்த்தைகளை எடுத்து வாசிக்கிறார். அனுபவம் வசனத்தைத் தள்ளிவைக்கவில்லை, வசனம் அனுபவத்தின் வாயை அடைக்கவும் இல்லை. கூட்டம் முடிந்து கடிதம் எழுதியபோது, பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று எழுதினார்கள். அந்த "எங்களுக்கும்" என்பதை விழுங்கிவிட்டு ஆவியானவரின் பெயரை மட்டும் போடுகிறவர்களிடம் உங்கள் வகுப்பு எச்சரிக்கையாக இருக்கட்டும்.


பதில் 6
பதிவிட்டவர்: வாசலில் நிற்பவர்

ஆசிரியை அம்மாவுக்கு நன்றி. எரிகோவைக் குறித்துப் பதில் இல்லை என்று ஒரு வேதபாட ஆசிரியை எழுதி நான் வாசிப்பது இதுவே முதல்முறை.

ஜோன்ஸின் கூட்டத்திலிருந்து எழுந்து போனவர்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அவர்கள் சரியாக வாசித்தார்கள் என்று இன்று நாம் எல்லாரும் ஒப்புக்கொள்வது எளிது. அன்று எழுந்து போனபோது அவர்கள் கீழ்ப்படியாதவர்களாகத்தான் எண்ணப்பட்டிருப்பார்கள். இப்போது சபைகளிலிருந்து எழுந்து போகிறவர்கள் எதைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதையும், வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் வகுப்பு ஒருமுறை விசாரிக்கலாம்.